பார்க்காமலே நட்பா?

நட்பு என்று தலைப்புக் கொடுத்துவிட்டால் போதும், நம் மேடைகளில் முதலில் வந்து நிற்பவர்கள் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும்தான். ஒருவர் உறையூரில் அரசன். மற்றவர் பாண்டிய நாட்டுப் புலவர். இருவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் அரசன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, தன் நண்பர் எப்படியும் வந்துவிடுவார் என்று சொல்லித் தன் அருகில் அவருக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி வைக்கச் சொன்னான். அவரும் வந்தார். புறநானூறு தரும் இந்தச் செய்தியை உயர்நிலைப்பள்ளிப் பேச்சுப்போட்டி முதல் பல்கலைக்கழகப் பட்டிமன்றம் வரை நாம் சலிக்காமல் சொல்லி வருகிறோம். வள்ளுவரும் 79ஆம் அதிகாரம் முதல் 83ஆம் அதிகாரம் வரை, தொடர்ந்து ஐந்து அதிகாரங்களை நட்புக்கு ஒதுக்கியிருக்கிறார். அவற்றுள் முதல் அதிகாரத்திலேயே, கூடிப் பழகுவதுகூடத் தேவையில்லை, உணர்வு ஒன்றுபட்டால் அதுவே நட்பாகிவிடும் என்ற கருத்தும் இருக்கிறது. அதற்கு விளக்கம் சொல்ல வருபவர்கள் மறுபடியும் அந்தச் சோழனையும் புலவரையும்தான் அழைத்து வருகிறார்கள்.

வள்ளுவரோடு வாதாடும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குக் குடிபெயர்ந்து, அங்கே ஒருவரையும் தெரியாமல் நிற்கும் சாதாரண மனிதருக்கு இந்தக் கதை பெரிதாக உதவாது என்பதே என் கருத்து. அரசனுக்கும் புலவருக்கும் நடுவே அவர்களின் புகழ் முன்னதாகவே போய் நின்றது. முதலாம் ஆண்டு மாணவருக்கும் புதிய புளோக்கில் குடியேறிய குடும்பத்துக்கும் அப்படி முன்னே போக எதுவுமில்லை. அவர்கள் நடந்துதான் போகவேண்டும். கதவைத் தட்டித்தான் பேசவேண்டும். அதற்கு இன்றைய சிங்கப்பூரில் எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, நம் தமிழ்ப் பேரவை போன்ற அமைப்புகள் அந்த வாய்ப்பைப் பெருக்குகின்றனவா சுருக்குகின்றனவா என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பேச விரும்புகிறேன்.

முதலில் வீட்டிலிருந்து தொடங்குவோம். இந்நாட்டுத் தமிழரின் வரலாறே குடிபெயர்ந்த வரலாறுதான். கடல் கடந்து வந்தது ஒரு பெயர்ச்சி. வந்த பிறகு நடந்தது இன்னொரு பெயர்ச்சி. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்த தமிழரும் மலையாளிகளும் தளத்தின் குடியிருப்புகளிலேயே அடுத்தடுத்து வாழ்ந்தார்கள். 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறின. துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளும் கம்பங்களும் பின்னர் ஒவ்வொன்றாக மறைந்தன. 1960இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் எல்லாரும் சிதறிக் குடியேறினார்கள். இன்று நாட்டு மக்களில் முக்கால் பங்குக்கும் அதிகமானோர் வீவக வீடுகளில்தான் வசிக்கிறார்கள்.

1989ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை பற்றி நம்மில் பலருக்கு மேலோட்டமாகவே தெரியும். வீடு விற்கும்போதோ வாங்கும்போதோ மட்டும் அதன் நினைவு வரும். இந்தியருக்கும் பிற இனத்தவருக்கும் சேர்த்து ஒரு புளோக்கில் இவ்வளவு, ஒரு வட்டாரத்தில் இவ்வளவு என்ற உச்சவரம்பு இருக்கிறது. 2010 முதல் அது புளோக்கில் 15 விழுக்காடு, வட்டாரத்தில் 12 விழுக்காடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு வீடுகள் உள்ள ஒரு புளோக்கில் அதிகபட்சம் பதினைந்து வீடுகள். அந்தப் பதினைந்திலும் எல்லாரும் தமிழர் அல்லர். மலையாளி இருப்பார், பஞ்சாபி இருப்பார், யுரேஷியர் இருப்பார். ஆக, நம் மாடியில் இன்னொரு தமிழ்க் குடும்பம் இருந்தால் அது தற்செயல்தான்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இனத்துக்கொரு பேட்டை என்று பிரிந்து வாழும் நகரங்களின் துன்பத்தை நாம் செய்திகளில் பார்க்கிறோம். ஒரே மாடியில் சீனப் பாட்டியும் மலாய்க் குடும்பமும் தமிழ்க் குடும்பமும் வசிக்கும் ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஆனால் கொள்கை செய்யக்கூடியது அவ்வளவுதான். அது சுவரை ஒட்டிச் சுவராக நம்மை வைக்கும். கதவைத் திறக்க வைக்காது.

1950இல் வெளிவந்த ஒரு பழைய ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் என்ற மூவர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மணமான மாணவர்கள் வசித்த குடியிருப்பில், யார் யாருக்கு நண்பர் என்று விசாரித்தார்கள். குணம் பார்த்து, கொள்கை பார்த்து நட்புக் கொண்டிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? ஆனால் பெரும்பாலோர் அடுத்த வீட்டுக்காரரைத்தான் நண்பர் என்றார்கள். நான்கைந்து வீடு தள்ளிப் போனாலே நட்பு குறைந்தது. இன்னும் வேடிக்கை என்னவென்றால், படிக்கட்டின் அடியிலும் அஞ்சல்பெட்டிகளின் பக்கத்திலும் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் இருந்தார்கள். அவர்கள் பெரிய பேச்சாளர்கள் என்பதால் அல்ல. எல்லாரும் அவர்கள் வாசல் வழியாக நடந்தார்கள், அவ்வளவே!

இதைப் படித்தபோது நம் பழைய புளோக்குகளின் ஞாபகம் வந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கட்டிய புளோக்குகளில் நீண்ட பொது நடைபாதை இருக்கும். மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. குறிப்பிட்ட சில மாடிகளில்தான் நிற்கும். மற்றவர்கள் இறங்கி, ஒரு மாடியோ இரண்டு மாடியோ படியேறி, பத்து வீட்டு வாசலைக் கடந்துதான் தம் வீட்டுக்குப் போகவேண்டும். கையில் சந்தைப் பையோடு நடக்கும்போது யாராவது ஏதாவது கேட்பார்கள். பதில் சொல்லாமல் போகமுடியாது. 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. எல்லா மாடியிலும் மின்தூக்கி நிற்கத் தொடங்கியது. முதியோருக்கும் சக்கர நாற்காலியில் செல்வோருக்கும் அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லவே வேண்டாம். பழைய முறை திரும்பவேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள், நானும் கேட்கவில்லை. ஆனால் நடந்துபோன அந்தப் பத்து வாசலும் நம் அன்றாடத்திலிருந்து போய்விட்டன. பொங்கோல், தெங்கா போன்ற புதிய நகர்களில் மின்தூக்கியை விட்டு இறங்கினால் சில வீடுகள்தான் கண்ணில் படும். எல்லாக் கதவும் மூடியிருக்கும். இணையத்தில் வாங்கிய பொருள்கள் மட்டும் வாசலில் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் குடும்பமும் நான் தொடக்கக்கல்லூரியில் படிக்கும்போது ஈசூனிலிருந்து ஒரு புதிய வட்டாரத்துக்கு மாறியது. முதல் தீபாவளிக்கு அம்மா முறுக்குச் சுட்டுத் தட்டில் வைத்து நான்கு வீட்டுக்கும் கொடுக்கச் சொன்னார். இரண்டு வீட்டில் கதவு திறக்கவில்லை. ஒரு வீட்டில் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்கள். நான்காவது மலாய்க் குடும்பம். அந்த அம்மா தட்டைப் பார்த்துத் தயங்கினார். என் அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அடுத்த நாள் ஆரஞ்சுப் பழமும் ஹலால் முத்திரையுள்ள பிஸ்கட் டின்னும் வாங்கி மறுபடி என்னை அனுப்பினார். நோன்புப் பெருநாளன்று அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு வந்த டப்பாவின் மேல், இதில் மாட்டிறைச்சி இல்லை என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. இப்போது அந்த வீட்டுச் சாவி ஒன்று எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. இதற்கு உணர்ச்சி ஒன்றுபட்டது காரணம் என்று நான் நினைக்கவில்லை. இரண்டாம் முறை போனதுதான் காரணம்.

இனி நம் வளாகத்துக்கு வருவோம். என்னை எழுதத் தூண்டியதே இதுதான்.

நம் உணவகத்தில் மதிய வேளையில் தமிழ் மாணவர்கள் உட்காரும் இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் இரண்டு மேசைகள். ஒன்றில் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள். மற்றொன்றில் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவர்கள். இடையில் நான்கடி தூரம்கூட இருக்காது. பேரவையின் தேர்தல் நாளில் அந்த நான்கடி நாற்பதடியாகிவிடுகிறது. எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் செயற்குழுவுக்கு வந்தார்கள் என்று விரல்விட்டு எண்ணுகிறோம். மேடையில் மட்டும் கணியன் பூங்குன்றனாரை மேற்கோள் காட்டத் தவறுவதில்லை. எல்லா ஊரையும் தன் ஊராக எண்ணிய அந்தப் புலவர் நம் உணவகத்துக்கு வந்தால் எந்த மேசையில் உட்காருவார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இதற்கு இரு பக்கமும் சொல்லும் காரணங்கள் உண்டு. இங்குள்ளவர்களிடம் கேட்டால், அவர்கள் விடுதியில் ஒன்றாகச் சமைக்கிறார்கள், ஒன்றாகவே திரிகிறார்கள், நம்மோடு சேர விருப்பமில்லை என்பார்கள். வந்தவர்களிடம் கேட்டால், நாங்கள் தமிழில் பேசினால் அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள், தமிழ் பேசுவதைக் கேவலமாக நினைக்கிறார்கள் என்பார்கள். இரண்டுமே முழு உண்மை அல்ல. இரண்டாவது குற்றச்சாட்டைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும்.

இங்குள்ள மாணவர் ஏன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்? கர்வமா? நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் அது பயம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காடு. இந்தியரே மொத்தத்தில் ஒன்பது விழுக்காடுதான். அப்படிப்பட்ட சூழலில் வளர்ந்தவருக்குத் தமிழ் என்பது வாரத்தில் சில பாடவேளை. அந்த வகுப்பிலும் நெடுங்காலம் எழுத்துத்தமிழையே பேசப் பழக்கினார்கள். 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் மறுஆய்வு செய்த குழுதான் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆகவே இங்குள்ள இளையர் பலருக்கு வாய் திறந்தால் ஒன்று பாடநூல் போல வருகிறது, அல்லது ஆங்கிலம் கலந்து வருகிறது. எதிரே நிற்பவரோ மதுரையிலோ திருச்சியிலோ பிறந்து வளர்ந்தவர், மூச்சு விடாமல் தமிழ் பேசுபவர். ஒருமுறை ‘ழ’கரம் வழுக்கி, எதிரில் இருப்பவர் உதட்டில் சிரிப்பைப் பார்த்துவிட்டால் போதும், அன்றோடு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். சிரித்தவருக்கு அது நினைவிலேயே இருக்காது.

சொற்களும் காலை வாரிவிடும். இங்கே பணத்துக்கு ‘வெள்ளி’ என்று பெயர். ஐந்து வெள்ளி கொடுங்கள் என்றால் புதிதாக வந்தவர் ஒரு கணம் விழிப்பார். காலையில் பசியாறிவிட்டீர்களா என்று கேட்டால், பசி ஆறிவிட்டதா என்று யோசிப்பார். லிப்டை நாம் எழுதும்போதும் செய்தியிலும் ‘மின்தூக்கி’ என்போம். அவர் அதை வேற்றுக் கிரகத்துச் சொல்லாகப் பார்ப்பார். அவர்கள் ஓராண்டு மூத்த மாணவியைக்கூட ‘அக்கா’ என்று அழைப்பார்கள். மரியாதைக்காகத்தான். ஆனால் பெயர் சொல்லி அழைத்துப் பழகிய நம் பெண்கள், நான் என்ன அவ்வளவு வயதானவளா என்று பதறுவார்கள். இவையெல்லாம் சிரித்துக் கடந்துபோக வேண்டிய சின்ன விஷயங்கள். கடந்துபோவதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். பழக்கம் இல்லாததால் இவையே சுவராகின்றன.

சின்ன விஷயம் அல்லாத ஒன்றும் இருக்கிறது. ‘நீங்க எந்த ஊர்?’ என்ற கேள்வி. தமிழ்நாட்டில் அறிமுகத்தின் முதல் கேள்வியே அதுதான். ஒரே ஊர், பக்கத்து ஊர் என்று ஏதாவது ஒரு நூல் அகப்பட்டுவிட்டால் பேச்சு ஓடும். அதே கேள்வியை இங்குள்ளவரிடம் கேட்டால் ‘உட்லண்ட்ஸ்’ என்பார். கேட்டவர் விடமாட்டார். “அது இல்லைங்க, சொந்த ஊர்?” என்பார். நான்கு தலைமுறைக்கு முன் கப்பலேறியவரின் ஊர்ப்பெயர் பல வீடுகளில் தாத்தாவோடு போய்விட்டது. தெரியாது என்று சொல்ல ஒரு மாதிரி இருக்கும். அதைவிட, அந்தக் கேள்விக்குப் பின்னால் சாதியை அறியும் நோக்கம் ஒளிந்திருக்கிறதோ என்ற ஐயம் இங்குள்ள பெற்றோரிடம் உண்டு. பிள்ளைகளுக்கும் அது தொற்றிக்கொள்கிறது. கேட்பவர் பெரும்பாலும் வெள்ளை மனத்தோடுதான் கேட்கிறார். எல்லாரும் அப்படியா என்றால், அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதிதாக வருகின்ற நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: முதல் கேள்வியை மாற்றிப் பாருங்கள். எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கேளுங்கள். சிங்கப்பூரரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவார். கையோடு அழைத்துக்கொண்டும் போவார்.

இங்குள்ளவர் விலகி நிற்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதை நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. 2005இல் சிங்கப்பூரும் இந்தியாவும் கையெழுத்திட்ட விரிவான பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாட்டின் ஆங்கிலச் சுருக்கப் பெயரான ‘சீக்கா’, அண்மை ஆண்டுகளில் இந்தியத் தோற்றம் உள்ள எவரையும் இழித்துச் சொல்லும் வசைச்சொல்லாகச் சிலர் வாயில் புழங்குகிறது. திட்டுகிறவருக்கு இளஞ்சிவப்பு அடையாள அட்டை தெரியாது, தேசிய சேவை செய்த இரண்டு ஆண்டுகள் தெரியாது, முகம் மட்டும்தான் தெரியும். இப்படி ஒருமுறை கேட்டுவிட்ட இளைஞன் அடுத்து என்ன செய்வான்? நான் அவர்களில் ஒருவன் அல்லன் என்று காட்டிக்கொள்ள முயல்வான். புதிதாக வந்தவரோடு ஒரே மேசையில் உட்காரத் தயங்குவான். அவன் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தயக்கம் யாருக்கு வெற்றி? திட்டியவருக்குத்தான். நாம் எவ்வளவு தள்ளி உட்கார்ந்தாலும் திட்டுகிறவர் தள்ளிப் பார்க்கப்போவதில்லை.

அப்படியானால் முதல் அடியை யார் எடுத்து வைக்கவேண்டும்? இரு தரப்பும் பாதிப் பாதி நடந்து நடுவில் சந்திக்கவேண்டும் என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருக்கிறவர்தான் முதலில் வரவேண்டும். வீட்டுக்காரர் வாருங்கள் என்று சொல்லாமல் விருந்தாளி எப்படி உள்ளே நுழைவார்? எங்கே எந்தப் பேருந்து, எந்தக் கடையில் மளிகை, கைப்பேசி அட்டை எங்கே வாங்குவது, எந்தப் பேராசிரியரிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் இருக்கிறவருக்குத் தெரியும். அறிவு கையில் உள்ளவர் காத்திருப்பது அழகல்ல. வந்தவருக்கும் ஒரு கடமை உண்டு. இங்கே தமிழே இல்லை, இங்குள்ளவர்க்குத் தமிழ் தெரியாது என்ற பேச்சை வாசலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். 1935இல் தமிழ் முரசைத் தொடங்கி, 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கி, இந்த மண்ணில் தமிழை நிலைநிறுத்திய கோ. சாரங்கபாணியைப் பற்றி ஒரு பக்கமாவது படித்துவிட்டு வந்தால் நல்லது. தமிழ் இங்கே ஆட்சிமொழியாக இருப்பது தானாக நேர்ந்ததல்ல.

நம் பேரவை இதற்கு என்ன செய்கிறது? ஆகஸ்டில் அறிமுக முகாம் நடத்துகிறோம். மூன்று நாள் விளையாட்டு, கூச்சல், குழுப் பெயர்கள், டி-சட்டை. நன்றாகத்தான் இருக்கிறது. நான்காம் நாள் எல்லாரும் அவரவர் விரிவுரைக்குப் போய்விடுகிறார்கள். பிறகு தீபாவளி நிகழ்ச்சி, பொங்கல், நாடகம், ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டி ஒரு போட்டி. புதியவரை எல்லாவற்றுக்கும் அழைக்கிறோம். எதற்கு அழைக்கிறோம்? நாற்காலியில் உட்கார்ந்து கைதட்ட. இருட்டில் இரண்டு மணி நேரம் மேடையைப் பார்த்துவிட்டுப் போகிறவர் யாரோடு நட்புக்கொள்வார்?

ஆனால் செயற்குழுவினரைப் பாருங்கள். ஓராண்டு முடிவதற்குள் அண்ணன் தம்பி போல ஆகிவிடுகிறார்கள். 2018இல் கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு கணக்குத் தருகிறது. அறிமுகமானவர் ஓரளவு நண்பராவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரம் வேண்டுமாம். நண்பர் என்று சொல்வதற்கு 90 மணி நேரம். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். நாடக ஒத்திகைக்கு வருகிறவருக்கு ஒரு பருவத்திலேயே நூறு மணி நேரம் ஓடிவிடும். பார்வையாளருக்கு ஓர் ஆண்டில் பத்து மணி நேரம் தேறினால் அதிகம். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. வேலையிலும் வகுப்பிலும் சேர்ந்திருந்த நேரம் நட்புக்கு அவ்வளவாகக் கணக்கில் வருவதில்லை. சேர்ந்து சாப்பிட்டது, சும்மா உட்கார்ந்து பேசியது, சிரித்தது ஆகியவைதான் கணக்கு. ஆகவே ஒத்திகை முடிந்து இரவு பதினொரு மணிக்கு எல்லாரும் புரோட்டாக் கடைக்குப் போகிறார்களே, அங்கேதான் உண்மையில் பேரவை நடக்கிறது. கடைசி எம்ஆர்டி பிடிக்க ஓடுகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை என்பது வேறு சங்கடம்.

வெளியில் இதைச் சரியாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மாதந்தோறும் கூடும் கவிமாலையைப் பாருங்கள், நூலகத்தில் கூடும் வாசகர் வட்டத்தைப் பாருங்கள். பெரிய கூட்டம் இல்லை, ஆரவாரம் இல்லை. ஆனால் அடுத்த மாதமும் அதே முகங்கள் வரும் என்ற உறுதி உண்டு. இங்கே பிறந்தவரும் ஐந்து ஆண்டுக்கு முன் வந்தவரும் ஒரு கதையைப் பற்றிச் சண்டை போடுவார்கள். யார் எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை, கதை அப்படி. கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவரும் தமிழாசிரியரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கவிதை வாசிப்பது இந்த நாட்டில் நடக்கக்கூடியதுதான். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாம் ஒதுங்கி நடக்கிறோமே, அந்தத் தொழிலாளர்களும் ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்கு வந்தவர்கள்தாம். 2020இல் தொழிலாளர் தங்கும் விடுதிகளில் கொவிட் பரவியபோது, தமிழ் தெரிந்த இளையர் சிலர் மொழிபெயர்த்து உதவ முன்வந்தார்கள். தொற்று ஓய்ந்ததும் அந்தத் தொடர்பும் ஓய்ந்துவிட்டதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அதைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும்.

பேரவைக்கு என் யோசனைகள் எளியவை. முதலாம் ஆண்டு மாணவர் எவரையும் பார்வையாளராக மட்டும் அழைக்காதீர்கள். முதல் வாரத்திலேயே ஒரு வேலை கொடுங்கள். நுழைவாயிலில் டிக்கெட் கிழிப்பதோ, ஒலிவாங்கியைத் தூக்கி வைப்பதோ, எதுவானாலும் சரி. வேலை தானாக நட்பாகாது என்றாலும், வேலை இருந்தால் மறுபடி வருவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. அந்த வேலையை இங்குள்ளவர் ஒருவரும் வந்தவர் ஒருவரும் சேர்ந்து செய்யுமாறு பிரித்துக் கொடுங்கள். இரண்டாவது, பெரிய நிகழ்ச்சிகளில் ஒன்றைக் குறைத்துவிடலாம். எதைக் குறைப்பது என்று நான் சொன்னால் அடுத்த பொதுக்கூட்டத்தில் எனக்கு இடம் இருக்காது. நீங்களே முடிவு செய்யுங்கள்.

மூன்றாவதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பருவம் முழுவதும் ஒவ்வொரு புதன்கிழமையும், ஒரே உணவகத்தில், ஒரே மேசையில், மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை பேரவை உறுப்பினர் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். நிகழ்ச்சி நிரல் வேண்டாம், பேச்சாளர் வேண்டாம், வருகைப்பதிவு வேண்டவே வேண்டாம். வருகிறவர் வரலாம், சாப்பிட்டுவிட்டுப் போகலாம். தமிழில் பேசலாம், தடுமாறினால் ஆங்கிலத்தில் பேசலாம், யாரும் திருத்தக்கூடாது. வாரம் ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் பதின்மூன்று வாரத்தில் பதின்மூன்று மணி நேரம். ஐம்பதுக்கு இன்னும் தூரம்தான். ஆனாலும் அது பத்தைவிட அதிகம்.

இதற்குச் செலவு எதுவும் இல்லை. பொருளாளர் கவலைப்பட வேண்டாம். ஒரே சிக்கல், பன்னிரண்டு மணிக்கு நம் உணவகத்தில் மேசை கிடைக்காது. பதினொன்றே முக்காலுக்கே யாராவது ஒருவர் போய், வரப்போகிறவர்களுக்காக எட்டு நாற்காலிக்கும் டிஷ்யூ பாக்கெட் வைத்துவிடவேண்டும்.